டம்மி நம்பர் போட்ட வாக்குச்சீட்டு

"அக்கா, நான் வேணாம்னு போட்டுட்டேங்க்கா."

வசந்தா இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துச் சொன்னாள். எலுமிச்சம்பழ சாதத்தில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று எங்கள் ஊழியர் சங்கத்தில் வாக்கெடுப்பு. வேலைநிறுத்தம் வேண்டுமா, வேண்டாமா என்று காலையிலிருந்து மத்தியானம் வரை ஓட்டுப் போட்டிருந்தோம். மூன்று மணிக்கு எண்ண வேண்டும். அந்த வேலைநிறுத்தமே வசந்தா மாதிரி ஆட்களின் வேலை போகக் கூடாது என்பதற்காகத்தான். அவளே வேண்டாம் என்று போட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

"அடிப்பாவி! ஒனக்காகத்தாண்டி இத்தினி பேரும் காலைலேர்ந்து வரிசையில நின்னாங்க. ஒனக்கு என்னா கேடு வந்துச்சு?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

வசந்தா குரலைத் தாழ்த்தினாள். "சீட்டுக்குப் பின்னாடி நம்பரு இருந்துச்சேங்க்கா. கையெழுத்துப் போடற எடத்துலயும் அதே நம்பர எழுதச் சொன்னீங்க. நாளைக்கு யாராச்சும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, ஸ்ட்ரைக் வேணும்னு போட்டவ இவதான்னு தெரிஞ்சிராதா? ஏற்கனவே லிஸ்டுல இருக்கேன். அதான் பயந்துட்டேன்."

கையிலிருந்த சாதத்தை டிபன் பாக்ஸிலேயே போட்டேன். ஏனென்றால் அந்த நம்பரைப் போட்டவள் நான்.

நம்பர் போடுகிற வியாதி

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு விருத்தாசலத்தில் ஒரு வளாகம் உண்டு. பீங்கான் தொழில்நுட்பத் துறையும் அதையொட்டி வேறு நாலைந்து துறைகளும் அங்கே நடந்தன. அந்த வளாகத்தின் தேர்வுப் பிரிவில் நான் கண்காணிப்பாளர். முப்பது வருஷத்துக்கும் மேலே விடைத்தாளோடு குடும்பம் நடத்தியவள்.

விடைத்தாள் திருத்தப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மாணவனின் பதிவெண் இருக்கும் மேல்பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு, தாளில் வேறொரு எண்ணை அடிப்போம். அதற்குப் பெயர்தான் டம்மி நம்பர். திருத்துகிறவருக்கு அது யாருடைய தாள் என்று தெரியாது. ஆனால் எங்களுக்குத் தெரியும். எந்த டம்மி நம்பர் எந்தப் பையனுடையது என்கிற பதிவேடு எங்கள் பீரோவில் இருக்கும்.

ஆக, எங்களைப் பொறுத்தவரை நம்பர் போட்டால்தான் ரகசியம். நம்பர் இல்லாத தாளைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

இந்த வியாதியால் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் மகன் கல்யாணத்தின்போது அழைப்பிதழ் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதே என்று, ஒவ்வொரு கவரின் பின்பக்கமும் வரிசை எண் போட்டு, ஒரு நோட்டில் பெயர் எழுதி வைத்தேன். என் நாத்தனார் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"ஏன் அண்ணி, ஒங்களுக்கு நாங்க நூத்திப் பன்னெண்டாவது ஆளா?" என்று ஆரம்பித்தார். நம்பர் வேறு, மரியாதை வேறு என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், ஆனால் போட்டோவுக்கு நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இவ கொழம்பு வச்சாலும் முருங்கக்காய்க்கெல்லாம் டம்மி நம்பர் போட்டுருவா" என்பார்.

நான் நாலு வாரத்துக்கு முன்னால் விடைத்தாள் கட்டு ஒன்று ஜங்ஷனில் ரயில் மாறிப்போன கதையை எழுதியபோது, ஒரு வாசகி, "இவ்வளவு கவனமான நீங்கள் தப்பே செய்ததில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அம்மா, கேட்டீர்களே, இதோ சொல்கிறேன்.

அந்தப் பட்டியல்

அந்த வருஷம் மழை தள்ளிப் போயிருந்தது. வளாகத்தில் மாணவர் சேர்க்கையும் குறைந்திருந்தது. தலைமையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. தொகுப்பூதியத்தில் இருக்கும் உதவியாளர்கள், லேப் ஆட்கள், துப்புரவுப் பெண்கள், தோட்டக்காரர் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இவர்கள் வரவேண்டாம் என்று ஒரே வரி.

வசந்தாவின் பெயர் மேலேயிருந்து நாலாவது. பீங்கான் லேப்பில் மண் பிசைவதிலிருந்து சின்ன உலையைப் பார்த்துக்கொள்வது வரை எல்லாம் அவள்தான். மாணவர்கள் செய்த கோப்பை வெடிக்காமல் வெளியே வந்தால் அது வசந்தாவின் கைராசி என்று வாத்தியார்களே சொல்வார்கள்.

அவள் ஊர் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இடம் பெயர்ந்த குடும்பம். புருஷனுக்கு முதுகுத் தண்டில் கோளாறு, பாரம் தூக்க முடியாது. பழைய மொபெட்டில் தினமும் வந்து போவாள். பட்டியலைப் பார்த்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நிலம் இருந்தப்ப வேல போனா நிலத்துல எறங்கிருவோம். இப்ப எங்கங்க்கா எறங்கறது?"

எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. நிரந்தர வேலை. என்னை யாரும் தொட முடியாது. அந்தத் தைரியத்தில் மறுநாள் வாசல் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிப் பேசினேன். "ஸ்ட்ரைக் வேணாம்னு எவனாச்சும் ஓட்டுப் போட்டா அவன் கோழ! அவனோட நான் டீ கூட குடிக்க மாட்டேன்!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வசந்தாவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் என் காது சுடுகிறது.

சங்கத் தலைவர் மாணிக்கவேல். நூலகத்தில் உதவியாளர். நாள் முழுக்க அமைதி காக்கிற வேலை என்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் தொண்டை கிழியப் பேசுவார். அவர்தான் என்னிடம் வந்தார்.

"மேடம், ரகசிய வாக்கெடுப்பு நடத்தணும். பரீட்ச நடத்தற மாதிரி ஒரு குத்தம் கொற இல்லாம நீங்கதான் நடத்திக் குடுக்கணும்."

பரீட்சை நடத்துகிற மாதிரி என்று அவர் சொன்னது ஒரு பேச்சுக்கு. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

குற்றம் குறை இல்லாமல்

தேர்வுக்கூடத்திலேயே வைத்தேன். பெஞ்சுகளை இடம் விட்டுப் போட்டேன். வாசலில் இருக்கை எண் ஒட்டாதது ஒன்றுதான் பாக்கி. வாக்குச்சீட்டை அச்சடித்து, ஒவ்வொன்றின் பின்பக்கமும் நம்பரிங் மிஷினால் டக் டக்கென்று எண் அடித்தேன். கையெழுத்து வாங்க எங்கள் பிரிவின் வருகைத்தாளையே எடுத்துக்கொண்டேன். அதில் பெயர், விடைத்தாள் எண், கையெழுத்து என்று மூன்று கட்டம் உண்டு. விடைத்தாள் எண் என்ற இடத்தில் வாக்குச்சீட்டு எண்.

வேடிக்கை என்னவென்றால், வந்த அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுதினார்கள். எல்லாரும் பல்கலைக்கழகத்து ஆட்கள். பேராசிரியர்களுக்கும் கிளார்க்குகளுக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வுக்கூட மேற்பார்வை உண்டு. மற்றவர்கள் அவர்களைப் பார்த்து அப்படியே செய்தார்கள். சீட்டைத் திருப்பினார்கள், எண்ணைப் பார்த்து எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். இயற்பியல் துறை ஆள் ஒருவர், "அடிஷனல் ஷீட் உண்டா மேடம்?" என்று கிண்டல் வேறு செய்தார். மாணிக்கவேலே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பிரமாதமான ஏற்பாடு" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

தேர்வுக்கூடத்துக்குள் ஒரு நாளும் மேற்பார்வைக்கு வராத வசந்தாவுக்குத்தான் அந்த எண் உறுத்தியிருக்கிறது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். எழுத யோசிக்கிறாள் என்று நினைத்து, "சீக்கிரம் எழுதும்மா, பின்னாடி ஆளு நிக்குது" என்று விரட்டினேன்.

போன் வந்தது

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். கையைக் கழுவப் போனபோது போன் அடித்தது. எங்கள் வளாகத்துப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு உதவியாளர்.

"மேடம், ஓட்டுப் போட்டவங்க கையெழுத்துத் தாள ஐயா ஒரு தடவ பாக்கணுங்கறாரு. சும்மாதான், எத்தினி பேரு வந்தாங்கன்னு தெரிஞ்சுக்க."

சும்மா கேட்டாரோ, தெரிந்து கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. "பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன். எண்ணி முடித்த சீட்டுகளை எங்கள் பிரிவின் ஸ்ட்ராங் ரூமில் வைப்பதாக ஏற்பாடு. அந்த அறையின் இன்னொரு சாவி பதிவாளரிடம். ஒரு கையில் தாள், மறு கையில் சாவி. யார் யார் வேலைநிறுத்தம் கேட்டார்கள் என்று பத்தே நிமிஷத்தில் எடுத்துவிடலாம். நானே அப்படி எத்தனையோ ஆயிரம் தாள்களுக்கு எடுத்திருக்கிறேன்.

மாணிக்கவேலை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். மனுஷன் முகம் வெளுத்தது. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"விட்டுருங்க மேடம். எண்ணிட்டா எப்புடியும் ஜெயிச்சிருவோம். அப்பறம் அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுரலாம். யாருக்குத் தெரியப்போவுது? அஞ்சு மணிக்குள்ள நோட்டீசு குடுக்கலன்னா எல்லாம் போச்சு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று மாலைக்குள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தால்தான் நோட்டீஸ் கெடு முடிந்து ஒன்றாம் தேதிக்கு முன்னால் தொடங்க முடியும். தள்ளிப்போனால் பட்டியல் அமலுக்கு வந்துவிடும். வசந்தா வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆனால் பயந்து போட்ட ஓட்டை எண்ணி ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு? லிஸ்டில் இருக்கிற ஆட்களே அவளைப் போல வேண்டாம் என்று போட்டிருந்தால்? எண்ணித் தோற்றுவிட்டால்?

"வசந்தாவுக்குத் தெரியும் தலைவரே. நான் சொல்லிடறேன்" என்றேன். வருகைத்தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சைக்கிள் ஷெட்டில்

எண்ணுவதைப் பார்க்க எல்லாரும் சைக்கிள் ஷெட்டில் கூடியிருந்தார்கள். மைக் வைத்திருந்தார்கள். போன வாரம் நான் பிடுங்கிய அதே மைக். இப்போது அதைத் தொடவே மனசு வரவில்லை.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். நம்பர் விஷயத்தைச் சொன்னேன். வருகைத்தாளைத் தூக்கிக் காட்டினேன். போன் வந்ததையும் சொன்னேன்.

 ஷெட் அதிர்ந்தது. "படிச்சவங்கதான நீங்க?", "முப்பது வருஷ சர்வீசுல இதுதானா?" என்று ஆளுக்கொன்று. தோட்டக்காரர் முருகேசன், அவர் பெயரும் பட்டியலில் உண்டு, வழக்கமாக என்னைப் பார்த்தால் துண்டை இறக்குகிறவர், அன்று இறக்கவில்லை.

"யம்மா, நீங்க பென்ஷன் வாங்கிட்டுப் போயிருவீங்க. எங்கள மாட்டி வுட்டுட்டீங்களே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரி அழுதால் பார்க்கச் சகிக்காது. "மன்னிச்சிருங்க. வேணாம்னு போட்டா கோழன்னு பேசுனேன் பாருங்க, அதுக்கும் சேத்து மன்னிச்சிருங்க. பயப்படறவங்கள நான் அப்புடிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

மறுபடி ஓட்டெடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். புதுச் சீட்டு அடிக்கலாம் என்றார் இன்னொருவர். "அதுலயும் எங்கயாச்சும் நம்பரு இருந்துச்சுன்னா?" என்று ஒரு குரல் வந்ததும் எல்லாரும் அடங்கினார்கள். காகிதம் என்றாலே ஆட்களுக்குப் பயம் வந்துவிட்டது. மணி மூன்றரை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து வசந்தா பேசினாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததேயில்லை.

"எங்க லேப்புல வில்ல கெடக்குதுங்க. பசங்க பழகறதுக்கு அச்சுல அடிச்ச மண்ணு வில்ல. செவப்பு மண்ணுல ஒரு சாக்கு, வெள்ள மண்ணுல ஒரு சாக்கு. எல்லாம் ஒரே அளவு. ஒரு நெறம் ஸ்ட்ரைக் வேணுங்கறதுக்கு, இன்னொண்ணு வேணாங்கறதுக்கு. ஆளுக்கு ரெண்டும் ஒண்ணொண்ணு குடுத்துருங்க. மறைவுல போயி, தன் ஓட்ட மொதப் பானையில போடட்டும், மிச்ச வில்லைய ரெண்டாவது பானையில போடட்டும். அதுல யாரு பேர எழுத முடியும்?"

மாணிக்கவேல் துள்ளினார். "செவப்புதான் ஸ்ட்ரைக்! அத யாரும் மாத்தக் கூடாது!" என்று பழைய தொண்டையில் கத்தினார். அவ்வளவு நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஜனங்கள் சிரித்தார்கள்.

செவப்பா, வெள்ளையா

முதலில் எண்ணாத பழைய சீட்டுகளும் வருகைத்தாளும் என்னாவது என்பதைக் கை தூக்கச் சொல்லி முடிவு செய்தோம். பிரிக்காமல், பார்க்காமல் எரிப்பது என்று. எல்லாரும் லேப் வாசலில் நின்றார்கள். பெட்டியோடு அப்படியே வசந்தா சின்ன உலைக்குள் வைத்துக் கேஸைத் திறந்தாள். நான் நம்பர் போட்ட தாள் கண் முன்னால் எரிவதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். அத்தனை நிம்மதியாக இருந்தது.

லேப்பின் ஒரு மூலையில் பழைய திரைச்சீலையைக் கட்டினோம். உள்ளே ஒரு மேஜை, இரண்டு மண்பானை. இந்தத் தடவை பெயர்ப் பட்டியலில் ஒரு கோடு போட்டதோடு சரி. எண் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. உள்ளே போனார்கள், இரண்டு சத்தம் கேட்டது, வெளியே வந்தார்கள். எந்தச் சத்தம் எந்த வில்லையுடையது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

முருகேசன் வெளியே வரும்போது கையைத் தட்டிக்கொண்டு, "இதான்யா ஓட்டு" என்றார். என்னைத் தாண்டும்போது துண்டை இறக்கினார். எனக்கு மறுபடி கண் கலங்கியது.

வசந்தா கடைசி ஆளாகப் போனாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உள்ளே இருந்தாள். இந்தத் தடவை நான் விரட்டவில்லை.

நாலரைக்கு முதல் பானையைத் தரையில் விரித்த சாக்கில் கொட்டினோம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவில் அங்கங்கே ஒரு வெள்ளை. மொத்தமே ஏழெட்டு வெள்ளைகள்தான். இரண்டாவது பானையையும் கொட்டி எண்ணினேன். அதில் அத்தனையும் தலைகீழாக இருந்தது, கணக்கு இம்மி பிசகவில்லை. தேர்வுப் பிரிவுக்காரி, இரண்டு பக்கமும் டாலி ஆகாமல் கையெழுத்துப் போடுவேனா?

அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாணிக்கவேல் நோட்டீஸைப் பதிவாளர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்தவர் வாசலில் இருந்த டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் யாரென்று யாரும் கேட்கவில்லை. எல்லாரோடும்தான் டீ குடித்தேன்.

ஒரு வரி சுற்றறிக்கை

மறுநாள் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கையெழுத்துத் தாள் கேட்டிருந்தேனே?"

"உலையில போட்டாச்சு சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். "சரி, போங்க" என்றார். வெளியே வந்து வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

வேலைநிறுத்தம் நடக்கவேயில்லை. செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அத்தனை பேரும் வெளியே உட்கார்ந்தால் என்னாகும் என்று தலைமையில் யோசித்திருப்பார்கள். இரண்டு தடவை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். மாணிக்கவேல் போய்த் தொண்டை கட்டி வந்தார். ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சுற்றறிக்கை. பட்டியல் திரும்பப் பெறப்படுகிறது, அனைவரும் பணியில் தொடர்வர். அதுவும் ஒரே வரிதான். நான் அதை மூன்று தடவை படித்தேன்.

கையில் அந்தத் தாளோடு லேப்புக்கு ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம்தான். வசந்தா முழங்கை வரை மண்ணோடு நின்றிருந்தாள். படித்துக் காட்டினேன். அவள் மண் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது முகமெல்லாம் வெள்ளை மண். நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு வாய் நிற்கவில்லை. "ஏண்டி, ரெண்டாவது வாட்டி என்னா போட்ட?" என்று கேட்டேன்.

வசந்தா கையைக் கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவை என் டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துப் பேசியவள், இப்போது நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"அத நான் ஏங்க்கா ஒங்ககிட்ட சொல்லணும்?" என்றாள். "ரகசிய ஓட்டுதான அது?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "சொல்லாதடி, யார் கேட்டாலும் சொல்லாத" என்றேன்.

முப்பது வருஷம் எந்தத் தாள் யாருடையது என்று பதிவேட்டில் ஏற்றாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. அந்த ஒரு ஓட்டு மட்டும் என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நன்றாகத் தூங்குகிறேன்.